சாரத்துக்கு நான் சொன்ன பொய்

1

என் பெரியப்பா மகனிடம், நான் அண்ணன் என்று அழைத்து வளர்ந்தவரிடம், அவருடைய மகளைப் பற்றி ஒரு பொய் சொன்னேன். பாரிஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டிலிருந்து, புதுச்சேரி சாரத்தில் அவர் வீட்டுக்கு எதிரே இருந்த மளிகைக் கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, அவரைக் கூப்பிட ஆள் அனுப்பச் சொல்லி, அவர் ஓடிவந்து மூச்சு வாங்க "சொல்லுப்பா" என்றபோது சொன்னேன்.

"அண்ணே, பொண்ணு எவன்கூடவோ போயிடுச்சி. நாங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தோம்."

அப்படி ஒருவன் இல்லை. அவள் தனியாகத்தான் போனாள், ஒரு துணிப்பையோடு. ஏன் போனாள் என்பது எனக்குத் தெரியும். அதை அவள் தன் வாயால் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

புதுச்சேரியில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், ஃபிரான்ஸில் குடியேறியவர்கள் கஷ்ட காலத்தில் மனம் தளராமல் எப்படி முன்னேறினார்கள் என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தார். இங்கே பாரிஸில் எங்கள் சங்க விழாக்களில் இதே தலைப்பில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். பனியில் நடந்து வேலைக்குப் போனது, மொழிக்காகச் சிரிப்புக்கு ஆளானது, சொந்த வீடு வாங்கியது என்று ஒரு வரிசை வைத்திருப்பேன். கைதட்டுவார்கள். இந்த முறை எழுத உட்கார்ந்தபோது அந்த வரிசை வரவில்லை. உண்மையில் மனம் தளராமல் முன்னேறிய ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளுடைய கஷ்ட காலத்தில் பெரும்பகுதி நான் கொடுத்தது.

இங்கே அவளைத் தேன்மொழி என்று எழுதுகிறேன். அது அவள் பெயர் அல்ல. எழுதலாமா என்று கேட்டபோது அவள் சொன்னது ஒன்றுதான்: "எழுதுங்க. என்னப் பாவம்னு மட்டும் எழுதாதீங்க."

2

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு பத்தி.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன பிறகு, வேண்டியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று கொஞ்சகாலம் அவகாசம் கொடுத்தார்கள். என் அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். போய்க் கையெழுத்துப் போட்டார். பெரியப்பா போகவில்லை. அன்றைக்கு அவருக்கு மில்லில் பகல் ஷிஃப்ட் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இன்னொரு நாள் போயிருக்கலாம், போகவில்லை. அந்த ஒரு ஷிஃப்ட்டில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. எங்களுக்கு ஃபிரான்ஸ், அவர்களுக்கு மில். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, விமானம் ஏறி, இங்கே தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து கணக்குப் பிரிவு வரை உயர்ந்தேன். அண்ணன் தன் அப்பா வேலை பார்த்த மில்லிலேயே தறிக்குப் போனார்.

மில் தடுமாற ஆரம்பித்தபோது அண்ணனுக்கு மாதத்தில் பாதிநாள் வேலை இல்லை. நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். தேன்மொழி பிளஸ் டூ முடித்திருந்தாள், நர்சிங் படிக்க ஆசை. எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். மனைவி கமலா பள்ளிச் சமையலறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த சமயம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது என்றால் அவள் சம்பளம் அதற்கே போய்விடும்.

"அண்ணே, பொண்ண என்கூட அனுப்புங்க. அங்க படிக்க வைக்கிறேன்" என்றேன்.

அண்ணன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணிதான் கேட்டார். "மெய்யாலுமே படிக்க வைப்பீங்களா தம்பி? இல்ல, சும்மா தொணைக்கா?"

"என்ன அண்ணி, என் பொண்ணு மாதிரி."

சுற்றுலா விசாவில் வந்தாள். விசா முடிந்தது. அவள் போகவில்லை, நாங்கள் அனுப்பவில்லை. "பத்திரமா இருக்கட்டும்" என்று அவள் பாஸ்போர்ட்டை வாங்கி என் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

3

அவளை நாங்கள் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. இதை நான் வெகுகாலம் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் சொல்லியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

விடியுமுன் எழுந்து காப்பி போடுவாள். பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளியில் விட்டு, வீட்டைத் துடைத்து, சமைத்து, மதியம் அழைத்து வந்து சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுவாள். வரவேற்பறைச் சோபாவில்தான் படுப்பாள். அதனால் நாங்கள் தொலைக்காட்சியை அணைக்கும் வரை அவளுக்குப் படுக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தால் "ஊர்லேர்ந்து அண்ணன் பொண்ணு, நம்மகூட இருக்கா" என்போம். வந்தவர்களுக்கும் புரியும். அவர்களில் சிலர் வீட்டிலும் இதே போல ஓர் அண்ணன் மகளோ அக்கா மகளோ இருந்தாள். எங்களுக்குள் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

நானும் கமலாவும் பிள்ளைகளிடம் பிரெஞ்சில்தான் பேசினோம். முன்னுக்கு வர வேண்டுமே. அவர்களிடம் தமிழ் பேசியது தேன்மொழி மட்டும். இன்றைக்கும் என் மகள் அனிதா பேசும் கொஞ்சம் தமிழ் சாரத்து மில் தெருவின் தமிழ். "வூட்டுக்குப் போலாம்", "எனக்கு ஒண்ணும் வாணாம்" என்பாள். விருந்தாளிகள் சிரிப்பார்கள். அவர்கள் போன பிறகு கமலா தேன்மொழியைத் திட்டுவாள்.

முதல் ஆண்டு முடிந்தபோது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டாள். பக்கத்து மாதா கோயிலில் வெளிநாட்டவர்களுக்கு மாலையில் பிரெஞ்சு சொல்லித் தருகிறார்களாம், காசு கிடையாதாம்.

"சாயங்காலம் புள்ளைங்கள யாரு பாத்துக்கறது?" என்றாள் கமலா.

தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்து, ரசத்தில் உப்புக் குறைவு என்றேன். அவள் எழுந்துபோய் உப்பு கொண்டுவந்தாள். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கவில்லையே, ஆசை விட்டுப்போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் இரவுகளில் என் மகனுடைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

நான்காவது குளிர்காலத்தில் போனாள். போன விதத்தையும் சொல்ல வேண்டும். அன்று காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டாள். திரும்பி வந்து சமைத்து மூடி வைத்தாள். கீழே கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்ச்சுகல் அம்மாளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, மதியம் பிள்ளைகளை அழைத்துவரச் சொல்லிவிட்டுப் போனாள். பாஸ்போர்ட் என் அலமாரியில் இருந்தது.

அன்று மாலை எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. போலீஸில் சொல்வாளோ, வேலை போகுமோ, சங்கத்தில் தெரியுமோ என்று பயம். எல்லாவற்றையும்விட, சாரத்துக்கு அவள் போன் செய்து "இங்க என்ன வேலக்காரியா வச்சிருந்தாங்கப்பா" என்று சொன்னால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? ஆகவே அண்ணனுக்கு நான் முதலில் போன் செய்தேன். ஒரு பெண் எவனோடோ ஓடினாள் என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு அவள் எதைச் சொன்னாலும் எங்கள் சனம் நம்பாது. அதை நன்றாகத் தெரிந்தேதான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தேன். நான் படித்தவன்.

இரண்டு மாதம் கழித்து, உதவி மன்றம் ஒன்றைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணியோடு வந்து கதவைத் தட்டினாள். சங்கிலியை எடுக்காமல் இடுக்கு வழியாகப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்பாகிட்ட என்னா சொன்னீங்க சித்தப்பா? என் குரலக் கேட்டதும் போன வச்சிட்டாரு."

கதவைச் சாத்தினேன். உள்ளேயிருந்து அனிதா "தேனக்காவா பப்பா?" என்று ஓடிவந்தாள். "யாரோ சாமான் விக்க வந்தாங்க" என்றேன்.

4

மூன்று ஆண்டுகளில் அண்ணன் காலமானார். மில்லில் சேர்ந்த பஞ்சுத் தூசு நெஞ்சிலிருந்தது என்றார்கள். நான் காரியத்துக்குப் போனேன். தேன்மொழியிடம் இங்கே தங்குவதற்கான அட்டை இல்லை. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப முடியாது. அவள் வரவில்லை.

"பெத்த அப்பன் செத்ததுக்குக்கூட வரல பாரு" என்று கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் சொன்னார்கள். அவளுக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் சொன்னார்கள். நான் ஆண்களோடு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. அண்ணி மட்டும் சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மோர் கேட்டு எழுந்து போனேன்.

பிறகு தேன்மொழியின் தம்பி செந்திலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போடுவான், மீதியை அவன் அக்காவோ தங்கையோ போடுவார்கள், நாத்தனார் முடிச்சு என்பார்கள். கூடப் பிறந்த அக்கா உயிரோடிருக்கும்போது அவளைக் கூப்பிடவில்லை. சித்தப்பா மகள் இருக்கிறாளே என்று அனிதாவை மணமேடைக்கு அழைத்தார்கள். பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறைய பூ வைத்து, என் மகள் அந்த முடிச்சைப் போட்டாள். நான் முன்வரிசையில் இருந்து படம் எடுத்தேன். அந்தப் படம் வெகுகாலம் எங்கள் வரவேற்பறையில் இருந்தது, தேன்மொழி படுத்த சோபாவுக்கு மேலே.

5

இப்போதைய என் நாட்கள் எப்படி என்று சொல்கிறேன். காலையில் ரொட்டி வாங்கப் போவேன். கடைக்காரப் பெண் "ஒன்றா, அரையா?" என்பாள். கமலா காலமான பிறகு அரைதான். மருந்துப் பெட்டியில் கிழமைவாரியாக மாத்திரை. லிஃப்ட் பழுதானால் அன்று வெளியே போவதில்லை. மகன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை திரையில் பேரன்கள் கையசைப்பார்கள். அவர்களுக்கு என் பிரெஞ்சு உச்சரிப்பே வேடிக்கை. மதியம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்த பிறகு, இரவு வரை யாரோடும் பேச வேண்டிய அவசியமே வராது. சில நாள் நானே எதையாவது உரக்கச் சொல்லி, குரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

கமலாவின் திதியன்று அனிதா நாந்த் நகரத்திலிருந்து வந்திருந்தாள். வடை சுட்டாள். எனக்கு ஆச்சரியம்.

"எங்கே கற்றுக்கொண்டாய்?" என்றேன், பிரெஞ்சில்.

அவள் அடுப்பைப் பார்த்தபடியே தமிழில் சொன்னாள். "தேனக்கா சொல்லிக் குடுத்தாங்க."

அவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து இரண்டு வருடமாகிறதாம். போய் வந்து இருக்கிறார்களாம். எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு அனிதா வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பிரெஞ்சில் பேசினாள், கோபம் வந்தால் அவளுக்கு அதுதான் வரும். தேனக்கா வீட்டைவிட்டுப் போனபோது கூட யாராவது போனார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் சாரத்தில் எல்லாரும் சொல்வது எங்கிருந்து வந்தது என்றாள். என்னிடமிருந்து என்றேன்.

"செந்தில் கல்யாணத்தில் என்னை மேடையில் ஏற்றினீர்கள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. யாருடைய இடத்தில் நிற்கிறேன் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன். உங்களுக்குத் தெரியும். தெரிந்து படம் எடுத்தீர்கள்."

அன்று சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டாள். சுவரில் இருந்த படத்தைக் கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். வடை அப்படியே இருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் அதைத்தான் சாப்பிட்டேன்.

6

அனிதாவிடம் நம்பர் வாங்கித் தேன்மொழிக்குப் போன் செய்ய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. எடுத்ததும் என் பெயரைச் சொன்னேன். எதிர்முனையில் ஏதோ தள்ளுவண்டி உருளும் சத்தம்.

"வேலைல இருக்கேன். அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்றாள், எதிர்பார்த்த அழைப்பைப் போல. கூப்பிடவும் செய்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். ஊர்த் தமிழில், ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் கேட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது சித்தப்பா? என்னா நடந்துச்சின்னு எனக்குத் தெரியும்ல. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

அதன் பிறகு சில முறை பேசினோம். நான் கேட்டால் சொல்வாள், தானாக எதையும் சொல்ல மாட்டாள். என் வீட்டிலிருந்து போன பிறகு ஈழத்துப் பெண்கள் இருவரோடு ஓர் அறையில் இருந்திருக்கிறாள். விடியுமுன் அலுவலகங்களைக் கூட்டித் துடைப்பது, பகலில் ஓட்டல் அறைகள், மாலையில் அந்த மாதா கோயில் வகுப்பு. அட்டைக்காக அரசாங்க அலுவலகத்தின் வாசலில் இருட்டிலேயே வரிசையில் நின்றிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு காகிதம் வேண்டும் என்று அனுப்பிவிடுவார்களாம். இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்ததாகக் காட்டினால்தான் அட்டை; முதல் நான்கு வருஷத்துக்கு அவளிடம் அத்தாட்சி இல்லை. அதைக் கொடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கதவுல சங்கிலி போட்டிருந்தீங்களே" என்றாள். குத்திக்காட்டும் குரலில்கூட இல்லை.

அந்த நான்கு வருஷத்தை விட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறாள். அட்டை கிடைத்த பிறகு நோயாளிகளைப் பராமரிக்கும் படிப்புக்குத் தேர்வு எழுதி இரண்டு முறை தோற்றிருக்கிறாள். பிரெஞ்சுக் கட்டுரையில்தான் தோல்வி. மூன்றாம் முறை தேறினாள். பிறகு வேலை பார்த்துக்கொண்டே நர்ஸ் படிப்பு. இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் தலைமை நர்ஸ். என் வயதுக்காரர்களைக் குளிப்பாட்டச் சொல்லிக் கொடுக்கிறாள்.

எப்படி முடிந்தது என்று ஒருமுறை கேட்டேன். நண்பருக்கு எழுதித் தர ஒரு நல்ல வாக்கியம் கிடைக்கும் என்ற நினைப்பும் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

"வேற என்னா பண்றது? ஊருக்குப் போவ முடியாது, ஒங்க வூட்டுக்கும் வர முடியாது. நடுவுல நிக்க எடம் இல்ல. நடந்துகிட்டேதான் இருக்கணும்" என்றாள். உடனே, "மாத்திர போட்டீங்களா?" என்றாள். அது தொழில் பழக்கம். அன்பு என்று நான் எடுத்துக்கொள்ளக் கூடாது.

7

பொங்கல் முடிந்து புதுச்சேரிக்குப் போனேன். வழக்கமாகக் குளிர்காலத்தில் வந்து செந்தில் வீட்டில்தான் தங்குவேன். இம்முறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, ஒரு பிற்பகலில் சாரத்துக்குப் போனேன்.

அண்ணிக்கு எண்பது வயது. கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாடியில் செந்திலின் புதுவீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது, சிமெண்ட் தூசு எங்கும்.

"வாங்க தம்பி. ஏன் பையக் காணம்? எங்க எறங்கியிருக்கீங்க?"

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காப்பி வரும், காப்பி வந்தால் சொல்ல முடியாது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை கீரையிலிருந்து எழவே இல்லை. நான் முடித்த பிறகும் இரண்டு காம்பை உருவினார்.

"ஒங்கண்ணன் கடைசி ரெண்டு நாளு வாசப்பக்கமே பாத்துகிட்டிருந்தாரு. யாரத் தேடறீங்கன்னு கேட்டேன். யாரும் இல்லன்னாரு. அவருக்குச் சொல்ல வெக்கம்."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆமா, என்கிட்ட சொல்லிட்டா ஆச்சா?" என்றார்.

அதற்குள் செந்தில் புதுச்சேரியிலேயே உள்ள மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்தான். டிபன் பையைக்கூட இறக்காமல் நான் சொன்னதையெல்லாம் கேட்டான். ஒருமுறை கை ஓங்கினான், பிறகு அதே கையால் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"வருஷா வருஷம் வந்து இந்த வூட்ல சோறு துன்னீங்களே. ஒரு நாளுகூடத் தொண்டைல நிக்கலையா?"



"வுடுடா. அடிச்சா அந்தாளு போயிடுவாரு. இருக்கட்டும், வேல கெடக்குது" என்றார் அண்ணி. என் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலைல ஆட்டோ எடுத்துகிட்டு வாங்க. எந்தெந்த வூட்ல எம்பொண்ணுப் பேரு கெட்டுப்போச்சோ, அந்தந்த வூட்டுக்கு வந்து சொல்லுங்க. நானும் வரேன். நீங்க சொல்றத நான் கேக்கணும்."

கல்யாணப் பத்திரிகை வைப்பதற்குப் போவதைப் போல, அந்த வாரம் முழுவதும் நாங்கள் இருவரும் ஆட்டோவில் வீடுவீடாகப் போனோம். அண்ணி நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவார். உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, நலம் விசாரித்த பிறகு, "சொல்லுங்க தம்பி" என்பார். நான் சொல்வேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார், நான் எதையாவது விட்டால் எடுத்துக்கொடுப்பார். "பாஸ்போட்டு விஷயத்தச் சொல்லுங்க."

என் பொய் எவ்வளவு வளர்ந்திருந்தது என்று அப்போதுதான் கண்டேன். நான் பெயர் வைக்காத அந்த ஆளுக்கு ஊர் பெயர் வைத்திருந்தது. ஒரு வீட்டில் அவன் மொரோக்கோகாரன், டாக்சி ஓட்டுகிறவன். இன்னொரு வீட்டில் அவனுக்கு முன்பே இரண்டு மனைவிகள். உழவர்கரையில் ஒரு மாமா ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்றார்.

"இல்லியே, நான் போட்டோ பாத்திருக்கேனே. தாடி வச்சிருப்பான்."

"மாமா, அப்படி ஒரு ஆளே இல்ல. நான்தான் சொன்னேன்."

"ஒனக்குத் தெரியாம இருந்திருப்பான்யா."

அண்ணி கைத்தடியைத் தரையில் தட்டினார். "அவருதான் பொறக்க வச்சாரு, அவரே சாவடிக்கிறாரு. நீங்க எதுக்கு ஒப்பாரி வைக்கிறீங்க?" வீட்டிலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணி என்னைப் பார்த்ததும் நின்றுபோயிற்று.

சில இடங்களில் பழசைக் கிளறாதீர்கள் என்று காப்பி கொடுத்தார்கள். சில இடங்களில் அண்ணிக்கு மட்டும் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் என் சொந்த அக்கா, நான் பேசி முடித்ததும் எழுந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் பேசியிருக்கேன் அண்ணி, கண்டபடி பேசியிருக்கேன்" என்று அழுதாள். என்னிடம் அதன் பிறகு அவள் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

கடைசி வீட்டிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அண்ணி கேட்டார்: "அவ நம்பரு ஒங்ககிட்ட இருக்கா?" போட்டுக் கொடுத்தேன். ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு நான் இறங்கிக்கொண்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெகுதூரம் தள்ளி, ஒரு செல்போன் கடை வாசலில் நின்றேன். டிரைவர் வந்து, "பாட்டிம்மா போன் காதுல வச்சிகிட்டே இருக்காங்க சார், பேச்சே இல்ல. லைன் இருக்கா பாருங்க" என்றார். லைன் இருந்தது.

8

மாசி மாதம் செந்திலின் மாடி வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரனின் அக்கா தங்கைதான் அடுப்பு மூட்டிப் பால் பொங்க வைப்பாள். அதற்காகத் தேன்மொழி வந்தாள். கூட அனிதாவும் வந்தாள். விமான நிலையத்துக்கு வேன் எடுத்துக்கொண்டு தெருவே போனதாகக் கேள்விப்பட்டேன்.

என்னை யாரும் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதல்நாளே வேட்டி சட்டையைச் சலவைக்குக் கொடுத்து வாங்கி வைத்திருந்தேன். விடிந்ததும் குளித்து, கட்டிக்கொண்டு, லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். போவதா, வேண்டாமா என்று முடிவாகவில்லை. தெருக்கோடி வரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டியபோது போன் அடித்தது. அண்ணி.

பின்னால் ஒரே இரைச்சல். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், பாத்திரம் உருள்வது, யாரோ யாரையோ விரட்டுவது.

"தம்பி, கெளம்பிட்டீங்களா?"

"இல்ல அண்ணி. சும்மாதான் இருக்கேன்."

"வராதீங்க. கோவிச்சிக்காதீங்க. அவ சிரிச்சிகிட்டிருக்கா. ஒங்களப் பாத்தா நிறுத்திப்புடுவா."

"சரி அண்ணி."

"சாப்பாடு குடுத்தனுப்பட்டுமா?"

"வேணாம் அண்ணி. நீங்க போங்க, வேலையப் பாருங்க."

அவர் போனை எங்கோ வைத்தார். அணைக்கத் தெரியவில்லை, அல்லது மறந்துவிட்டார். நானும் அணைக்கவில்லை. காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பு பற்றவில்லை என்று செந்தில் யாரையோ திட்டினான். அனிதா, "தேனக்கா, என் முந்தானை, என் முந்தானை, நெருப்பு" என்றாள். அப்புறம் ஒரு பெண் சிரித்தாள். நிறுத்த முடியாமல், மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். யார் என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு வருஷம் என் வீட்டில் இருந்தவளின் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

பால் பொங்கிவிட்டது போலிருக்கிறது, எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். யாரோ போனை எடுத்துப் பார்த்து அணைக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.